விற்பனைக்கு: ஏற முடியாத வண்டி

கண்ணாடிக்கடைக்காரர் எங்கள் துப்பறியும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். எங்களிடம் வருகிறவர்கள் அழுவது புதிதல்ல. நகை போனவர்கள் அழுவார்கள், வேலை போனவர்கள் அழுவார்கள். கையிலிருக்கிற பொருள் போகமாட்டேன் என்கிறது என்று அழுதுகொண்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

"என் வண்டியை யாரோ விக்க விடாம பண்றாங்க மேடம்," என்றார்.

"வண்டியே பண்ணலாம் சார். சில வண்டிங்க அப்படித்தான்," என்றேன்.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொண்டிருந்தவர். அந்தப் பார்வைக்கு நொறுங்கிய கார்களே உண்மையைக் கக்கியிருக்கின்றன. நான் அவருடைய உதவியாள். போன் எடுப்பது, ஆட்களைப் பின்தொடர்வது, திட்டு வாங்குவது என் வேலை. கடைசி வேலைக்குத்தான் அதிக நேரம் செலவாகிறது.

"என்ன வண்டி?" என்று கேட்டார் மேடம்.

கேட்டிருக்கக் கூடாது. அழுதுகொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிர்ந்தும் அவர் தலை எங்கள் மேஜைக்கு மேல் கொஞ்சம்தான் தெரிந்தது. சின்ன உருவம்.

"நாலு சக்கரமும் இழுக்கும் மேடம். ஸ்பிரிங், ஷாக் எல்லாத்தையும் மாத்தி நல்லாத் தூக்கி விட்டிருக்கேன். டயரே இதோ உங்க ஆள் இடுப்புக்கு வரும். முன்னாடி இரும்புக் கயிறு சுத்தின வின்ச் இருக்கு, சேத்துல சிக்கினா மரத்துல மாட்டித் தன்னைத் தானே இழுத்துக்கும். ஆத்துக்குள்ள இறங்கினாக்கூட எஞ்சின் மூச்சு விட மேல வரைக்கும் தனிக் குழாய் வெச்சிருக்கேன்."

"எந்த ஆத்துல இறக்கினீங்க?" என்றேன்.

"இன்னும் இறக்கல."

"மலை?"

"வீட்லேருந்து கடைக்குப் போவேன். கடையிலேருந்து வீட்டுக்கு வருவேன்." கொஞ்சம் யோசித்தார். "நடுவுல ஒரு வேகத்தடை இருக்கு."

நான் சிரிப்பை அடக்க மேஜைக்கு அடியில் குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடினேன்.

"இவ்வளவு ஆசையா வெச்சிருக்கற வண்டியை ஏன் விக்கறீங்க?" என்றார் மேடம்.

அவர் முகம் சட்டென்று வாடியது. "என் சம்சாரம் கோவிச்சுக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா மேடம். 'அந்த வண்டி நம்ம வீட்டு கேட்டை விட்டுப் போனாத்தான் நான் உள்ள வருவேன்'னு சொல்லிட்டா."

"தினமும் காலையில கடைக்குப் போகும்போது கேட்டை விட்டுப் போகுதே சார்?"

"அதை நானும் சொல்லிப் பார்த்தேன்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "போனை வெச்சுட்டா."

அவருடைய கடையில் லென்ஸ் தேய்த்து, அளவு பார்த்து, பிரேமில் பொருத்துவது எல்லாம் அந்த அம்மாள்தானாம். இவர் கல்லாவில் உட்கார்ந்து சிரிப்பதோடு சரி. அந்த அம்மாள் போன பிறகு இவரே பொருத்திக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருவர், தன் வீடு என்று நினைத்து அடுத்த வீட்டுக்குள் போய்க் கட்டிலில் படுத்துவிட்டார்.

"கடை போனாப் போகுது மேடம். சாப்பிட உக்காந்தா எதிர் நாற்காலி காலியா இருக்கு. தொண்டையில எதுவும் இறங்க மாட்டேங்குது. எப்படியாவது அந்த வண்டியை வித்து அவளைக் கூட்டிட்டு வந்துடணும்."

அதைச் சொன்னபோது அவர் நடிக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. மேடம் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வாங்க வந்தவங்க என்ன பண்றாங்க, வரிசையாச் சொல்லுங்க."

"முதல்ல ஆம்பளை தனியா வருவார். பார்த்ததும் சொக்கிப் போவார். டயரைக் கட்டிப் பிடிக்காத குறைதான். 'முடிச்சுக்கலாம் சார், வீட்ல ஒரு தடவை காட்டிடறேன்'னு போவார். மறுநாள் சம்சாரத்தைக் கூட்டிட்டு வருவார். நான் ஸ்டார்ட் பண்ணி நல்லா உறும விட்டு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவேன். திரும்பி வந்து இறங்கினதும், 'வீட்ல வேண்டாங்கறாங்க'ம்பார். ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல மேடம், வந்தவங்க எல்லாரும் இதே வசனம்."

"கண்ணு பட்டிருக்கும்," என்றேன்.

"அதுக்கு எட்டணுமே," என்றார் அவர், வருத்தத்திலும் பெருமை குறையாமல்.

வாங்க வந்தவர்களில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒருவருடைய நம்பர் அவரிடம் இருந்தது. மேடம் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டிரைவிங் ஸ்கூல்காரர், "வீட்ல வேண்டாங்கறாங்க மேடம்," என்று ஆரம்பிப்பதற்குள் யாரோ போனைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது.

"யாரு, அந்த உசர வண்டியா?" அவர் மனைவியின் குரல். "நான் கட்டிக்கிட்டு வந்தது குடும்பம் நடத்த. தூக்கிட்டு ஓடறதுக்கு இல்ல!"

டொக்கென்று போன் வைக்கப்பட்டது.

நான் துள்ளி எழுந்தேன். "கேட்டீங்களா மேடம்? தூக்கிட்டு ஓடறது! கடத்தல்! வண்டிக்குள்ள எங்கேயோ சரக்கு ஒளிச்சு வெச்சிருக்காங்க. கும்பல் இவர் வண்டியை வெளிய போக விடாம..."

"உக்காரு," என்றார் மேடம். "கும்பல் இருந்தா ஆம்பளைங்களை மிரட்டியிருக்கும். இங்க ஆம்பளைங்க எல்லாருக்கும் வண்டி பிடிச்சிருக்கு. பொம்பளைங்களுக்கு மட்டும்தான் என்னமோ தெரிஞ்சிருக்கு. அது வண்டியில ஏறும்போது தெரியுதா, இறங்கும்போது தெரியுதா, அதைப் பார்க்கணும்." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வா. இன்னிக்கு நாம வண்டி வாங்கப் போறோம். நீ என் வீட்டுக்காரர்."

மேடம் என்னைவிட ஒரு தலை உயரம். வயதில் என் அக்காவுக்கு அக்கா மாதிரி.

"யாராவது நம்புவாங்களா மேடம்?"

"நீ வாயைத் திறக்காம இருந்தா நம்புவாங்க. நிறைய வீட்ல அப்படித்தான்."

*

கண்ணாடிக்கடைக்காரர் வீடு ஒரு அமைதியான தெருவில், இரும்பு கேட்டும் சின்ன முற்றமுமாக இருந்தது. முற்றம் முழுக்க வண்டிதான். வீடு வண்டிக்குப் பின்னால் பயந்து ஒதுங்கி நின்றது. சேறு படவே படாத டயர்களுக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டிருந்தார். மூச்சுக் குழாயின் வாயில் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது.

"வாங்க வாங்க, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது!" என்று கண்ணாடிக்கடைக்காரர் தெருவுக்கே கேட்கிற மாதிரி வரவேற்றார். நடிக்கச் சொன்னது எங்கள் தப்பு.

வண்டிக்குப் பக்கத்தில் பனியனும் வேட்டியுமாக ஒரு பெரியவர், கனமான மர ஸ்டூல் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க அப்பா," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "காது சுத்தமாக் கேக்காது. பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. ஏறி இறங்க ஸ்டூல் வெச்சு உதவி பண்றார், பாவம்."

"முன்னாடி யார் வெச்சுட்டிருந்தாங்க?" என்று மேடம் சாதாரணமாகக் கேட்டார்.

"என் சம்சாரம்."

நான் முன் சீட்டுக்கு ஏறினேன். ஏறினேன் என்றால், ஸ்டூலில் நின்று, கதவுக் கைப்பிடியில் தொங்கி, முழங்காலால் சீட்டைப் பிடித்து, வயிற்றால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். என் இடுப்பில் ஏற்கெனவே ஒரு பிடிப்பு உண்டு. அது இப்போது குடும்பத்தோடு வந்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் ஸ்டியரிங்குக்கு முன்னால் தலையணை போட்டு உட்கார்ந்து, சாவியைத் திருகி, ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி உறுமியது. தெருக்கோடியில் நாய் குரைத்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பின் கதவருகே மேடத்துக்கு ஸ்டூல் வைத்துக் கையைப் பிடித்து ஏற்றிக் கொண்டிருந்தார் பெரியவர். பக்கக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். உதடு அசைந்த மாதிரி இருந்தது. எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வயசானவர், சாமி பேர் சொல்வார் என்று விட்டுவிட்டேன்.

ரவுண்டு போனோம். பஸ்ஸில் போகிறவர்களைக் குனிந்து பார்த்தோம். வேகத்தடை வந்தது. "இப்பப் பாருங்க!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். வண்டி அதன் மேல் ஏறி இறங்கியதே தெரியவில்லை. என் தலை கூரையில் இடித்தது மட்டும் தெரிந்தது. சூப்பர் மார்க்கெட்டின் அடித்தள பார்க்கிங் வாசலில் நிறுத்தி, உயரத் தடைக் கம்பியைக் காட்டினார்.

"இதுக்குள்ள நம்ம வண்டி போகாது," என்றார் பூரிப்போடு.

"அப்ப எங்க நிறுத்துவீங்க?"

"ரெண்டு தெரு தள்ளி. நடந்து வந்துடலாம்."

திரும்பி வந்ததும் பெரியவர் ஸ்டூலோடு ஓடி வந்தார். மேடம் இறங்கினார், நேராக என்னிடம் வந்து என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"ஏங்க, இந்த வண்டி நமக்கு வேண்டாங்க."

அந்தக் குரலில் நடிப்பில்லை. மேடத்துக்கு முகம் வெளுத்திருந்தது. ரத்தம் தோய்ந்த கோணிப்பையைப் பார்த்தே அசராதவர்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கண்ணாடிக்கடைக்காரர். "உங்களுக்குமா மேடம்!"

மேடம் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். வராந்தா மூலையில், பாலிதீன் உறை பிரிக்காத அலுமினிய மடக்கு ஏணி ஒன்று சாத்தியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏணியின் உச்சியில் இரண்டு வளைந்த கொக்கிகள்.

"இது?"

"ஒட்டடை அடிக்க," என்றார் கண்ணாடிக்கடைக்காரர் அவசரமாக.

மேடம் தலையாட்டிவிட்டு என் பக்கம் சாய்ந்தார். பெரியவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஸ்டூலைத் துடைத்துக் கொண்டிருந்தார். மேடம் எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்:

"ஏங்க, பாவம் பெரியவர். பனியன் முதுகுப்பக்கம் நல்லாக் கிழிஞ்சிருக்கு பாருங்க."

பெரியவரின் கை சட்டென்று பின்னால் போய் முதுகைத் தடவியது. பனியன் முழுசாக இருந்தது. கை நடுவழியில் நின்றது. மெதுவாகத் திரும்பினார். பார்த்தால் எல்லோரும் அவரையே பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

"அப்பா," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "உங்களுக்குக் காது கேக்குமா?"

பெரியவர் ஸ்டூலைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"நல்லாக் கேக்கும்டா. நீ இந்த வண்டியை வாங்கினதுலேருந்துதான் கேக்காமப் போச்சு. காலையில எழுந்ததும் டயரு, ராத்திரி படுக்கும்போது ஸ்பிரிங்கு. எவ்வளவு நேரம்தான் ஒருத்தன் கேப்பான்? செவிடன் ஆனதுக்கப்புறம்தான் நிம்மதியாச் சாப்பிட்டேன்."

"அப்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேனே!"

"டாக்டர் நல்லவர். எனக்கு வீட்ல இருக்கற கஷ்டத்தைச் சொன்னேன். புரிஞ்சுக்கிட்டார்."

நான் வண்டியின் டயரில் சாய்ந்து சிரித்தேன். மேடம் முறைத்ததும் டயரை ஆராய்வது போலத் தட்டிப் பார்த்தேன்.

"ஏறும்போது என் காதுல என்ன சொன்னீங்களோ, அதை உங்க பையனுக்கும் சொல்லுங்க," என்றார் மேடம்.

பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "'அம்மா, இந்த ஸ்டூலும் வண்டியோட சேர்ந்ததுதான். நாளைலேருந்து இதைத் தூக்கிட்டு ஓட வேண்டியது நீங்க.' அவ்வளவுதான் சொன்னேன். அதுல பொய் ஒண்ணும் இல்லியே."

"அதைக் கேட்டதும் எனக்கே கண்ணு முன்னாடி தெரிஞ்சுது," என்றார் மேடம் என்னிடம். "மழையில நான் ஸ்டூலைத் தூக்கிட்டு ஓடறேன். நீ மேல உக்காந்து ஹாரன் அடிக்கிறே."

என்னைப் பற்றி அப்படி நினைத்தது எனக்கு வருத்தமாக இருந்தாலும், கற்பனை செய்து பார்த்தால் கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா, பெத்த அப்பனே என் குடும்பத்தைக் கெடுக்கலாமா? வண்டி போனாத்தானே அவ வருவா? உங்க மருமக வரக் கூடாதுன்னா பார்த்தீங்க?"

கேட்கிற கேள்வியில் நியாயம் இருந்தது. எனக்கே பெரியவர் மேல் கோபம் வந்தது. துப்புத் துலங்கிவிட்டது, கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

"வை கீழே," என்றார் மேடம். நேராக வராந்தாவுக்குப் போய் அந்த அலுமினிய ஏணியைத் தூக்கி வந்தார்.

"மேடம், அது ஒட்டடை..." என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

மேடம் உறையைக் கிழித்து, ஏணியை விரித்து, கொக்கிகளை வண்டியின் பின் கதவு விளிம்பில் மாட்டினார். கச்சிதமாக மாட்டிக்கொண்டது. வண்டிக் கதவில் மாட்டுவதற்கென்றே செய்த ஏணி. ஆனால் கால் இரண்டும் தரையில் முட்டி, கோணலாக மடங்கி, முற்றத்தில் இழுத்துக்கொண்டு நின்றது. வண்டிக்கு ஏணி ஒரு படி அதிகம்.

"யானையை விக்கப் போறவன் யாராவது புதுசா அங்குசம் வாங்குவானா?" என்றார் மேடம். "அதுவும் இன்னும் பெரிய அங்குசமா? இந்த ஏணி இந்த வண்டிக்கு இல்ல. இதைவிட உசரமா ஒரு வண்டிக்கு. அது எங்க சார் இருக்கு?"

கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து, கிழிந்த உறைத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட," என்றார் பெரியவர். "என் பக்கத்துல உக்காந்துதான் போன்ல பேசினான். எனக்குத்தான் காது கேக்காதே! 'இதை வித்த அன்னிக்கே உங்களுதை எடுத்துக்கறேன் டாக்டர், பேச்சு மாற மாட்டேன்'னான். இது ஸ்டூல் போட்டா ஏறலாம். அதுக்கு மொட்டை மாடிலேருந்துதான் குதிக்கணும்."

"அவ இந்த வண்டி போகணும்னுதானே சொன்னா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "வேற வண்டியைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. ஏணி கூட அவளுக்காகத்தான் பார்த்துப் பார்த்து வாங்கினேன். மடக்கலாம். ஸ்டூலைவிட எடை ரொம்பக் கம்மி."

நான் என்னென்னவோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட இவ்வளவு அன்பாக அயோக்கியத்தனம் செய்ததில்லை.

பெரியவர் எழுந்தார். இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"அவ ஏன் போனான்னு இவன் உங்ககிட்ட சொன்னானாம்மா? சொல்லியிருக்க மாட்டான். வண்டி நின்னதும் முதல்ல அவ குதிக்கணும். பின்னாடி போய் ஸ்டூலை எடுக்கணும். எனக்கு வெக்கணும், இவனுக்கு வெக்கணும், திரும்பத் தூக்கி உள்ள போடணும். முழங்கால் வீங்கிப் போச்சு. அப்பவும் பொறுத்துக்கிட்டா. சொந்தக்காரங்க வீட்டு விருந்துக்குப் போனோம். வாசல்ல அத்தனை பேர் நிக்கிறாங்க. இவன் மேல உக்காந்துக்கிட்டு, 'ஸ்டூல்!'னு கூப்பிட்டான். அவ திரும்பிப் பார்த்தா. அன்னிக்கே பெட்டியைக் கட்டிட்டா."

கண்ணாடிக்கடைக்காரர் வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நான் ஸ்டூலைத்தான் கேட்டேன்ப்பா. அவளை இல்ல."

"அதை அவகிட்ட போய்ச் சொல்லு."

"எல்லாத்தையும் சொல்லுங்க," என்றார் மேடம். "ஏணியையும் சேர்த்து. நாங்க சொன்னா அது வெறும் துப்பு. நீங்களே சொன்னீங்கன்னா ஒருவேளை மன்னிப்பாங்க. ஒருவேளைதான்."

*

அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து அக்காவின் மூக்குக் கண்ணாடிக்கு ஆணி முடுக்கிக் கொண்டிருந்தார். ஊசி மாதிரி ஒரு திருப்புளி. உறுமல் கேட்டும் தலை நிமிரவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வாயை மூடினார். கதவைத் திறந்தார். கீழே பார்த்தார். அவருக்கு அந்த உயரம் அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குதித்தார்.

இறங்கினார் என்றும் சொல்லலாம், விழுந்தார் என்றும் சொல்லலாம். முழங்கால் இரண்டும் தரையில் பட, வேட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நான் பின்பக்கமாக ஊர்ந்து இறங்கி, மேடத்துக்கும் பெரியவருக்கும் ஸ்டூல் வைத்தேன். மேடம் இறங்கும்போது என் தோளை ஒரு தட்டுத் தட்டினார். பாராட்டா, ஏளனமா தெரியவில்லை.

"அடி பட்டுச்சா?" என்றார் அந்த அம்மாள்.

"பரவால்ல."

"வண்டியை வித்துட்டீங்களா?"

"இல்ல. அதைவிட மோசமா ஒண்ணு பண்ணிட்டேன்."

தெருவிலேயே உட்கார்ந்து சொன்னார். பல் டாக்டர் வண்டி, பேசி முடித்தது, ஏணி. ஒன்றையும் விடவில்லை. "மடக்கலாம், எடை கம்மி," என்று அதையும் சொல்லித் தொலைத்தார். பெரியவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் ஆணியை முழுக்க முடுக்கி, கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பக்கத்தில் வைத்தார்.

"நீங்க ஸ்டூல்னு கூப்பிட்டதுகூட எனக்குப் பெருசு இல்லங்க. உங்க வாய் அப்படித்தான். ஆனா நான் திரும்பிப் பார்த்தேனே! என்னைத்தான் கூப்பிடறாங்கன்னு திரும்பினேனே, அதை என்னால தாங்கவே முடியல."

கண்ணாடிக்கடைக்காரர் அழுதார். ஆபீஸில் அழுத அழுகை வேறு, இது வேறு.

"கடைக்கு வர்றவன் எல்லாம் கல்லாவுக்கு மேல எட்டிப் பார்த்து, 'முதலாளி இல்லையா'ன்னு கேக்கறான். எதிர்ல நான்தான் உக்காந்திருக்கேன். வண்டில ஏறினா மட்டும்தான் யாரும் அப்படிக் கேக்கறதில்ல."

"நான் என்னிக்காவது கேட்டேனா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்ல."

"அப்புறம் ஊர்ல எவன் கேட்டா உங்களுக்கென்ன?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் திரும்பி மூச்சுக் குழாயைப் பார்த்தேன். பாவம், அந்தக் குருவியும் கூடோடு கூடவே வந்திருந்தது.

"பல் டாக்டருக்குப் போன் போடுங்க. எல்லாரும் கேக்கற மாதிரி," என்றார் அந்த அம்மாள்.

போட்டார். "டாக்டர், மன்னிச்சுக்கோங்க. உங்க வண்டி எனக்கு வேண்டாம்."

மறுமுனையில் ஒரு வளர்ந்த மனிதர் விம்முகிற சத்தம் வந்தது.

"சார், அப்படிச் சொல்லிடாதீங்க சார். உங்களை நம்பித்தான் இருக்கேன். இந்த வண்டி வெளிய போனாத்தான் என் வீட்ல திரும்பி வருவாங்க சார். ரொம்ப நாளாச்சு சார். தனியாச் சாப்பிட முடியல."

மேடமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அம்மாள் எழுந்து வந்து கணவர் கையிலிருந்து போனை வாங்கினார்.

"டாக்டர், உங்க வீட்டம்மா நம்பரைச் சொல்லுங்க," என்றார். கேட்டுக்கொண்டார். போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் வாசலில் நின்றோம். உள்ளே முதலில் மெதுவாகப் பேச்சு. பிறகு, "உங்களையுமா?" என்று ஒரு கூச்சல். அப்புறம் சிரிப்பு, அக்காவும் சேர்ந்து சிரித்த சிரிப்பு. கண்ணாடிக்கடைக்காரர் ஒவ்வொரு சிரிப்புக்கும் இன்னும் கொஞ்சம் சுருங்கினார்.

"என்ன மேடம் நடக்குது உள்ளே?" என்றார் தீனமாக.

"உங்க கேஸ் முடியுதுன்னு நினைக்கிறேன்," என்றார் மேடம்.

கதவு திறந்தது. அந்த அம்மாள் கையில் பெட்டி இருந்தது.

"அந்தம்மாவும் இன்னிக்கே வீட்டுக்குப் போறாங்க. ரெண்டு வண்டியையும் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து விக்கப் போறோம். உறும விட்டுக் காட்டி இல்ல. வாங்க வர்றவங்க முதல்ல வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரணும். எது எப்படின்னு எல்லாத்தையும் சொல்லித்தான் விப்போம்."

"அப்படிச் சொன்னா யார் வாங்குவாங்க?" என்று நான் வாயை விட்டேன்.

"கட்டட வேலைக்காரங்க வாங்குவாங்க. மலைத்தோட்டத்துக்காரங்க வாங்குவாங்க. நிஜமாவே சேத்துல போறவங்க இருக்காங்க தம்பி."

அதை அதுவரை எங்களில் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "வண்டி இன்னும் கேட்டை விட்டுப் போகலியே. நீ வந்துடுவியா?"

"நீங்கதான் இறங்கிட்டீங்களே," என்றார் அந்த அம்மாள். கையை நீட்டினார். "சாவி."

சாவியை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் ஒரே தாவலில் டிரைவர் சீட்டில் ஏறினார். இத்தனை நாள் குதித்த கால். தலையணையை எடுத்துப் பின்னால் போட்டார். பெரியவரை நான் ஸ்டூல் போட்டு முன் சீட்டில் ஏற்றினேன். அவர், "தேங்க்ஸ்ப்பா, உன் மேடம் புண்ணியத்துல இப்ப எல்லாம் தெளிவாக் கேக்குது," என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை வாங்கி மடியில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இனி ஏற வேண்டியது கண்ணாடிக்கடைக்காரர் மட்டும்தான். பின் கதவைத் திறந்தார். கைப்பிடியைப் பிடித்து எம்பினார். வழுக்கியது. டயரில் கால் வைத்துப் பார்த்தார். பாலிஷ். அவரே போட்டது. எதிர் வீட்டு மாடியில் நாலு பேர் வந்து நின்றார்கள். நான் உதவப் போனேன், மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. அவரே ஏறட்டும்."

சீட் பெல்ட்டைப் பிடித்துத் தொங்கினார், முழங்காலை உள்ளே கொண்டுபோனார், வேட்டி கதவில் மாட்டியது, எடுத்துவிட்டார், திரும்ப எம்பினார். முன்னால் அந்த அம்மாள் பக்கக் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடிக்கவில்லை, சீக்கிரம் என்று சொல்லவில்லை. அவர் ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கதவைச் சாத்துகிற வரைக்கும் வண்டியை நகர்த்தவே இல்லை.